ஆயுத பூஜை வாரத்து ரோஸ் வாட்டர்

கடைச் சாவியை உங்கள் இருவர் கையிலும் கொடுத்த அன்று, "அக்கா, எங்களுக்கு ஏதாவது சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டீர்கள். நான் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி நடித்துவிட்டுப் படி இறங்கிவிட்டேன். சொல்வதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பயம். நான் அழுதால் நீங்கள் அதைப் போனில் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு மடித்து வையுங்கள்.

புருவம் எடுப்பது, முடி வெட்டுவது பற்றியெல்லாம் இதில் தேடாதீர்கள். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வருகிறது. நான் சொல்ல வந்தது, அலமாரியில் சாதுவாக நிற்கும் அந்தப் பூத்தண்ணீர் பாட்டில்களைப் பற்றி. பிளீச் டப்பாவைத் திறக்கும்போது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள். ரோஸ் வாட்டரை எடுக்கும்போது மட்டும் பாட்டு முணுமுணுக்கிறீர்கள். பூதானே, தண்ணீர்தானே என்ற நினைப்பு. எனக்கும் அந்த நினைப்புதான் இருந்தது. இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய தப்பை பிளீச்சை வைத்துச் செய்யவில்லை, ரோஸ் வாட்டரை வைத்துத்தான் செய்தேன்.

முதலில் என் தலைக்கனம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சூளகிரியில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லை. மணப்பெண்ணின் முகத்தில் மேக்கப் ஆரம்பிக்க வேண்டும், என் பையில் ரோஸ் வாட்டர் பாட்டில் இல்லை. வீட்டிலேயே மறந்துவிட்டேன். பெண்ணின் அத்தை, வாசலில் வருகிறவர்கள் மேல் தெளிக்க வைத்திருந்த பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வந்து, "இதுவும் பன்னீருதானம்மா, இத்த போடு" என்றார். நான் முடியாது என்றேன். குடிக்கிற தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி முகத்தை நனைத்து வேலையை முடித்தேன். "பெரிய டவுன்காரி" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். மணப்பெண்ணின் தங்கை மட்டும் வாசனைக்கு ஆசைப்பட்டு அந்தப் பன்னீரைக் கழுத்தில் தேய்த்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பந்தியில் அவள் கழுத்து தடித்துச் சிவந்திருந்தது. அது வெறும் தண்ணீரில் சென்ட்டும் சாயமும் கலந்தது. துணியில் தெளிக்கலாம், தோலில் தேய்க்கக் கூடாது.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு நல்ல பெயர். பூத்தண்ணீர் என்றால் ஓசூரில் அக்காவைக் கேள் என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் வாரம் ஒரு கூடை பன்னீர் ரோஜாவைக் காலை பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். அதை வீட்டு அடுப்பிலேயே கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து இறக்கி, பாட்டிலில் அடைத்து, பிரிட்ஜில் வைத்துப் பத்து நாளுக்குள் தீர்த்துவிடுவேன். புது பாட்டில் திறந்தால் முதலில் முழங்கை மடிப்பில் இரண்டு சொட்டு வைக்க வேண்டும், மறுநாள் வரை பார்க்க வேண்டும். எதுவும் இல்லையென்றால்தான் முகத்துக்கு. இந்தச் சட்டத்தைச் சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான்.

இனி இசக்கி.

நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். நம் ஊர் எல்லையில் போனுக்குள் வைக்கும் சின்னச் சின்ன பாகங்களைச் செய்யும் கம்பெனி ஒன்றில் டிரெய்னியாக இருந்தாள். ஹாஸ்டலில் ஒரு அறைக்கு ஆறு கட்டில். பக்கத்துக் கட்டில் பெண் புருவம் எடுக்க வந்தபோது துணைக்கு வந்தவள், கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, மூஞ்சில போட்டா போட்டதே தெரியக் கூடாது. அப்படி எதும் இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே வருகிறவர்கள் எல்லோரும் போட்டது தெரிய வேண்டும் என்றுதான் வருவார்கள். அவள் விளக்கிச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அவள் வேலை செய்த இடத்தில் ஒரு தூசி விழுந்தாலும் குற்றமாம். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர் கூடாது, பொட்டு கூடாது, கிரீம் கூடாது. உள்ளே போவதற்கு முன் சூப்பர்வைசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து அனுப்புவாள். ஏசிக் காற்றில் எட்டு மணி நேரம் நின்றால் முகம் வறண்டு செதில் செதிலாகக் கிளம்பும். அப்படிக் கிளம்பினாலும் உள்ளே விடமாட்டார்கள். உரிகிற தோலும் தூசிக் கணக்குதான்.

"அம்மை உப்பளத்துல கெடக்கா. நான் உப்புக்குப் பயந்து இங்க ஓடியாந்தா, ஹாஸ்டல் தண்ணியும் உப்பால்ல இருக்கு" என்றாள். முடி கைக்கு வருகிறது என்று கொத்தாக எடுத்துக் காட்டினாள்.

அவளுக்கு ரோஸ் வாட்டர் கொடுத்தேன். முதலில் முழங்கை மடிப்பில் வைத்து, மறுநாள் வந்து காட்டச் சொன்னேன். ஷிப்ட் முடிந்து முகம் கழுவியதும் ஈரம் காய்வதற்குள் பஞ்சில் நனைத்து ஒற்ற வேண்டும், கண்ணைச் சுற்றி மட்டும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நாளெல்லாம் தொப்பிக்குள் வேர்த்த தலையில் வேர்க்கால் படும்படி ஸ்ப்ரே பண்ணி, நன்றாகக் காய்ந்த பிறகு பின்னலாம். உப்புத் தண்ணீரில் தலை குளித்தால் கடைசி ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீரில் செம்பருத்திப் பூவை ஊறவைத்து வடிகட்டி ஊற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் அவள் முகம் தெளிந்துவிட்டது. முடி உதிர்வதும் பாதியாகக் குறைந்தது. சூப்பர்வைசரே நிறுத்தி, "என்ன போடுற?" என்று கேட்டாளாம்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவள் வராமல் இருந்ததில்லை. பாட்டில் காலியாகியிருக்காது, இருந்தாலும் வருவாள். கடைசி நாற்காலியில் சாய்ந்து உட்காருவாள். நான் முகத்தில் பஞ்சை வைத்ததும் பேச ஆரம்பிப்பாள். உப்பளத்தில் காலை நேரம் எப்படிக் கண் கூசும், அம்மாவின் குதிகாலில் வெடிப்பு எத்தனை, வெடிப்பில் உப்பு இறங்கினால் அவர் எப்படிப் பல்லைக் கடிப்பார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்து, பாதி வாக்கியத்தில் தூங்கிவிடுவாள். ஆறு கட்டில் போட்ட அறையில் கிடைக்காத தூக்கம் அவளுக்கு அந்த நாற்காலியில் கிடைத்தது. நான் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு அடுத்தவர் வேலையைப் பார்ப்பேன். எழுந்ததும், "பர்மனென்ட் ஆயிட்டா அம்மைய உப்பளத்துல இருந்து எறக்கிருவேன்க்கா" என்பாள். ஒவ்வொரு ஞாயிறும் அதே வாக்கியம். இப்போது ஞாயிறு மூன்று மணிக்கு நான் வீட்டில் இருக்கிறேன். டிவி ஓடுகிறது, என்ன ஓடுகிறது என்று தெரிவதில்லை. அந்த வாக்கியத்துக்காக என் காது இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்த வருடம் ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. இந்த ஊரில் அது எப்படிப்பட்ட வாரம் என்று உங்களுக்குத் தெரியும். வருடமெல்லாம் வெள்ளை உடுப்பில் ஒளிந்திருந்த பெண்கள் அந்த ஒரு நாள் பட்டுப்புடவையில் கம்பெனிக்குப் போவார்கள். அதனால் அதற்கு முந்தைய ஞாயிறு நமக்கு மூச்சு விட நேரம் இருக்காது. இசக்கியின் கம்பெனியில் பூஜை முடிந்ததும் பர்மனென்ட் ஆனவர்களின் பட்டியலைப் படிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் பெயர் இருக்கும் என்று லைன் லீடர் காதைக் கடித்திருந்தாள்.

சனிக்கிழமை ராயக்கோட்டைக் கூடை வரவில்லை. பூஜைக்கு எல்லாப் பூவும் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது என்றார் விவசாயி. கடையில் ஒரு சொட்டு ரோஸ் வாட்டர் இல்லை. எதிரே மெடிக்கல் ஷாப்பில் சீல் போட்ட பாட்டில் இருக்கிறது. போய் வாங்கியிருக்கலாம். என் கௌரவம் விடவில்லை. அக்காவே இறக்குகிற ரோஸ் வாட்டர் என்று பெயர் வாங்கிவிட்டு, கடைப் பாட்டிலை எப்படி வைப்பது?

பேரிகை போகும் வழியில் எனக்குத் தெரிந்த ஒரு ரோஜாத் தோட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிற நீளத் தண்டு ரோஜா, பாலிதீன் கூரை போட்ட பாலி ஹவுஸுக்குள் வளர்வது. கழுத்து வளைந்தது, இதழ் மடிந்தது எல்லாம் கழிவு. மூட்டை மூட்டையாக வெளியே கொட்டுவார்கள், யார் வேண்டுமானாலும் அள்ளலாம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பூ தரம் பிரிக்கும் கொட்டகையில் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், கழிவை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் பையை நிரப்புவதைப் பார்த்து, எதற்கு என்று கேட்டார். ரோஸ் வாட்டர் என்றேன், முகத்துக்கு என்றேன்.

"பேடம்மா, இது வேணாம்" என்றார். அந்தப் பக்கத்து ஆட்கள் போலவே கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசினார். "இத்த எத்துக்குனு போயி மூஞ்சில வெக்காத."

"ரோஜாதானேம்மா."

அவர் உறை போட்டிருந்த கையைத் தூக்கிக் காட்டினார். "முள்ளுக்குன்னு நெனச்சியா இத்த? வாரத்துக்கு எத்தினி தபா மருந்தடிக்கிறாங்கன்னு உனுக்குத் தெரியாது. எங்க வூட்டு மாட்டுக்குக்கூட இந்தப் பூவப் போடறதில்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. பூத்தண்ணீர் என்றால் ஊரே என்னைக் கேட்கிறது, இவர் எனக்குச் சொல்ல வருகிறாரா என்று. "கழுவிட்டுத்தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான அறிவுரை அதுதான். சொன்னவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டில் இதழைப் பிரிக்கும்போதே மூக்கு சொன்னது. அந்தப் பூவில் வாசனையே இல்லை. வாசனை இல்லாத பூவிலிருந்து என்ன இறங்கும்? யோசித்திருக்க வேண்டும். ஆவியில் இறக்க நேரமும் இல்லை. மூன்று தண்ணீரில் அலசிவிட்டு, இதழைப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிவிட்டேன். அழகான ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணீர் கிடைத்தது. பிள்ளைகளே, நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நல்ல ரோஸ் வாட்டருக்கு நிறம் கிடையாது. இது எனக்குத் தெரியாததா?

ஞாயிறு கடையில் நிற்க இடம் இல்லை. இசக்கி வந்து பத்து நிமிடம் நின்றாள். உட்கார வைக்க முடியவில்லை. புதுத் தண்ணீர் என்பதால் முழங்கையில் இரண்டு சொட்டு வைத்து, நாளைக்கு வா என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்ல வாயெடுத்தேன், பொய் சொல்லவில்லை, வாயெடுத்தேன். அதற்குள் அவள், "நீங்க தாரதுதானக்கா, என்ன செஞ்சிரப் போவுது" என்று சொல்லிக் கையை நீட்டினாள். பாட்டிலைக் கொடுத்துவிட்டேன். "பூசை முடிஞ்சு லிஸ்டு கேட்டுட்டு நேரே இங்கதான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தாள். அவளுக்கு அது ஷிப்ட் நேரம். வாசலில் நின்று முகக்கவசத்தை இறக்கினாள். நெற்றியும் இரண்டு கன்னமும் தாடையும் சிவந்து வீங்கி, ஓரத்தில் தோல் சுருள ஆரம்பித்திருந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம், பளிச்சென்று எதுவுமே ஆகாத தோல். பஞ்சு பட்ட இடம் முழுக்க வெந்திருந்தது, படாதே என்று நான் சொல்லிக் கொடுத்த இடம் மட்டும் நன்றாக இருந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? பார்த்த அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"உள்ள விட மாட்டேன்னுட்டாவக்கா. டாக்டர்ட்ட காட்டி சரி பண்ணிட்டு வான்னு சொல்லிட்டாவ. வியாழக்கெழமைக்குள்ள ஆறிருமா?"

கடையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கல்யாணப் பெண்ணின் அம்மா. நிச்சயதார்த்தம், ரிசப்ஷன், முகூர்த்தம் மூன்றுக்கும் நம் கடையிலேயே மேக்கப் என்று பேசி முடிக்க வந்தவர். அவர் கண்ணாடி வழியாக இசக்கியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் அந்தச் சட்டம் ஒட்டியிருக்கிறது.

நீங்கள் இதைப் படிக்கும்போது, தப்பு என்பது அந்தப் பூவை அள்ளியது, அல்லது சோதிக்காமல் கொடுத்தது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அந்த இரண்டும் அவசரத்தில் செய்தவை. மன்னிக்கக்கூடியவைதான். என் தப்பு இதோ, இந்த இடத்தில் நடந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி, வெகு இயல்பாக நான் கேட்டேன்:

"ஏம்மா, மெஸ்ல என்னா சாப்ட நேத்து?"

அவள் யோசித்தாள். "ராத்திரி கத்திரிக்கா கொழம்புக்கா. கருவாடும் கெடந்துச்சு."

"அதான். கருவாடு ஒத்துக்காம தடிச்சிருக்கு. டாக்டர்ட்ட போயி அலர்ஜி மாத்திரை வாங்கிப் போடு" என்றேன்.

"அப்படியா" என்றாள். சின்ன வயதிலிருந்து கருவாடு தின்று வளர்ந்தவள். கடற்கரைப் பெண்ணிடம் போய் நான் கருவாடு சேரவில்லை என்றேன், அவளும் நம்பினாள். சொன்னது நான் என்பதால் நம்பினாள். முகக்கவசத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டு படி இறங்கினாள். நான் கல்யாணப் பெண்ணின் அம்மா பக்கம் திரும்பி, "என்ன கலர் புடவைங்க?" என்று கேட்டேன்.

அவர் போனதும் மிச்சமிருந்த ரோஸ் தண்ணீர் அவ்வளவையும் சாக்கடையில் கொட்டினேன். ஞாயிறன்று அந்தத் தண்ணீரை வேறு இருவருக்கும் போட்டிருந்தேன். போன் செய்து கேட்டேன், லேசான அரிப்போடு போயிருந்தது. இசக்கிக்குப் போன் செய்து, பாட்டிலைத் தூக்கிப் போடு என்று சொல்லலாம்தான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? கருவாடு என்று சொல்லியாகிவிட்டதே. எரிகிற முகத்தில் யார் எதைப் போடப் போகிறார்கள், தானே நிறுத்திவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன் போனது. வியாழன் பூஜைக்குக் கடையைக் கழுவி, கத்தரிக்கும் சீப்புக்கும் பொட்டு வைத்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் பொட்டு வைக்கும்போது இப்போது பட்டியல் படித்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்புதான். அவள் வரவில்லை.

சனிக்கிழமை அவளோடு தங்கியிருந்த பெண் வந்தாள். பட்டியலில் இசக்கி பெயர் இல்லையாம். மூன்று நாளாக வேலைக்குப் போகாதவளை எப்படிச் சேர்ப்பது என்றார்களாம். கான்ட்ராக்டும் அந்த மாதத்தோடு முடிகிறது. "ஊருக்குப் போறாக்கா, மதியம் மதுரை பஸ்" என்றாள்.

ஒருவர் முகத்தில் போட்ட பேஸ் பேக் அப்படியே இருக்க, நான் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இசக்கி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகக்கவசத்தை இறக்கிச் சிரித்தாள். செவ்வாய்க்கிழமை பார்த்ததைவிட மோசமாக இருந்தது. கன்னத்தில் நீர் கோத்திருந்தது.

"நீங்க எதுக்குக்கா கடையப் போட்டுட்டு ஓடியாந்திய?"

நான் பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எரியுதா?" என்று கேட்டேன்.

"எரியத்தான் செய்யுது. மாத்திர போட்டுக் கேக்கல. ஆனா ஒங்க பன்னீர ஒத்தி எடுத்தா ஒரு நிமிசம் குளுந்தாப்ல இருக்கு. அதனால காலைல, மத்தியானம், ராத்திரின்னு மூணு வேளையும் போட்டுக்கிட்டு இருக்கேன்." பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள். அடியில் ஒரு விரல் அளவு இருந்தது. "தீரப் போவுது. இன்னொண்ணு வாங்கிட்டுப் போலாம்னு நெனச்சேன், வர நேரமில்ல."

பிள்ளைகளே, எனக்கு அறுபது வயது. கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவள் நான். அந்த நாளைவிட அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நிமிடம்தான் எனக்குக் கனம். பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினேன். கண்டக்டர் ஆட்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

"இசக்கி, கருவாடு இல்லடி. இந்தத் தண்ணிதான். மருந்தடிச்ச பூவு. செவ்வாக்கெழம நீ வந்தப்பவே எனக்குத் தெரியும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு விரலை மடக்கி எண்ணினாள். "செவ்வா, பொதன், வியாழன், வெள்ளி" என்றாள். "நாலு நா."

நான் பாட்டிலின் மூடியை இறுக்கினேன்.

"புதுசா எதும் போட்டியான்னு கம்பெனி டாக்டரு கேட்டாருக்கா. அக்கா தார பன்னீரு மட்டுந்தான் சார், அது ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். "நீங்க எறங்குங்கக்கா. வண்டி எடுக்காவ."

இறங்கினேன். பஸ் போனது.

திங்கட்கிழமை அந்தப் பாட்டிலோடு கம்பெனி கேட்டுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் நின்ற பிறகு ஒரு அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இத நீங்க செவ்வாய்க்கிழமை வந்து சொல்லியிருந்தா, மெடிக்கல் லீவுன்னு போட்டு பேர நிறுத்தி வெச்சிருப்போம்மா. இப்ப லிஸ்ட் போயிடுச்சு" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் சொன்னது நியாயம்தான்.

கல்யாணப் பெண்ணின் அம்மா ஆர்டரைக் கொடுத்தார். மூன்று நாள் மேக்கப்பும் நன்றாக அமைந்தது. என் வாழ்க்கையில் செய்த மேக்கப்பிலேயே அதுதான் அழகு என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தப் படத்தைத்தான் நீங்கள் சுவரில் மாட்டி வைத்திருந்தீர்கள். நான் கழற்றச் சொன்னபோது, அக்காவுக்கு அடக்கம் அதிகம் என்று சிரித்தீர்கள். அடக்கம் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குக் கருவாடு ஞாபகம் வரும்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அவளுடைய போன் மூன்று மாதம் அடித்தது, எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணே இல்லை என்றது. ஊருக்குப் போய்த் தேடலாம் என்றால் ஊர்ப் பெயர் எனக்குத் தெரியாது. எத்தனையோ ஞாயிறு என் முன்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறாள், அவள் அம்மாவின் எந்தக் குதிகாலில் எத்தனை வெடிப்பு என்று எனக்குத் தெரியும், எந்த ஊர் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஹாஸ்டல் வார்டன் விலாசம் தர மறுத்துவிட்டார். தூத்துக்குடிக்கு ஒருமுறை போனேன். உப்பளங்கள் வெள்ளையாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடந்தன. தலையில் துண்டு கட்டிய பெண்கள் வெகு தூரத்தில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யார் அந்த அம்மா? இல்லை, அவர்களில் ஒருத்தி இசக்கியே தானா? ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். தைரியம் இல்லை.

அறிவுரை என்று கேட்டீர்களே, ஒன்றுதான் இருக்கிறது. கை தவறும். யாருக்கும் தவறும், உங்களுக்கும் தவறும். தவறிய நிமிடத்தில் கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு டாக்டரிடம் போங்கள். கடையின் பெயர் கெடும், கெடட்டும். ஒரு வாரத்தில் ஆறிவிடக்கூடிய முகத்தை நான் ஒரு கேள்வி கேட்டு நான்கு நாள் எரியவிட்டேன். முகம் எப்படியும் ஆறியிருக்கும். அவள் அம்மா உப்பளத்தை விட்டு இறங்கினாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், இதை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் ஒரு பெண் வரலாம். தெற்கத்திப் பேச்சு பேசுவாள். புருவம் எடுக்க வந்தேன் என்பாள், முடி வெட்ட வந்தேன் என்பாள். என்னைப் பற்றிக் கேட்கமாட்டாள், ஆனால் கடையை ஒரு சுற்றுப் பார்ப்பாள். வரமாட்டாள் என்று எனக்கும் தெரியும். இந்த ஊருக்கு அவள் எதற்காகத் திரும்பி வர வேண்டும்? ஆனாலும் நாளுக்கு ஒரு பஸ்ஸாவது அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வருகிறது. வந்தால், அக்கா ஓய்வு பெற்றுவிட்டாள், கடைக்கு வருவதில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டிலிருந்து கடைக்குப் பத்து நிமிடம்தான். அதுவரை அவளை உட்கார வையுங்கள். அக்கா வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.